அரைக்கைச் சட்டை மட்டும்

யுவராணியின் வேலை என்னவென்று அவளுடைய மாமியாருக்கு இன்னும் விளங்கவில்லை. "ஊரு ஊரா போயி, செல்லுல சாமான் வாங்குறவுக பக்கத்துல உக்காந்து பாத்துட்டு வருவா. அதுக்குச் சம்பளம் தாராகளாம்" என்று கேட்பவர்களிடம் சொல்வாள். சொல்லப்போனால் வேலையே அதுதான்.

துணிமணியும் வீட்டுச் சாமானும் விற்கும் ஓர் இணையக் கடை அவளை வேலைக்கு வைத்திருந்தது. அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி வட்டாரத்து ஆட்கள் அந்தக் கடையில் எப்படித் தேடுகிறார்கள், தேடியது கிடைக்கிறதா, கிடைக்காவிட்டால் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துச் சென்னைக்கு எழுத வேண்டும். 'மயில்கழுத்துக் கலர் சேலை' என்று ஒருத்தி கேட்டால் மயில் படம் போட்ட பெட்ஷீட் வந்து நிற்கும். 'சாவுக்குக் கொண்டுபோற வேட்டி' என்றால் ஒன்றுமே வராது. இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்துச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. சொல்லித் தரக்கூடாது, கையை நீட்டக்கூடாது, 'ஏன்' என்று மட்டும் கேட்கலாம். அவளுடைய மேலதிகாரி பிரவீணா சென்னையிலிருந்து ஆரம்பத்திலேயே சொன்ன சட்டம் அது.

யுவராணிக்கு அது கஷ்டமாக இல்லை. பேசாமல் உட்காரத் தெரிந்தவள். பந்தல்குடிப் பக்கம் அவளுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தும் மிளகாய் பறித்தும் அவளைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்தார்கள். படித்து முடித்து மில் ஆபீசில் கொஞ்ச காலம், மதுரையில் ஒரு கம்பெனியில் போனை எடுத்துப் பேசும் வேலை கொஞ்ச காலம். பிறகுதான் இது. பெரிய வீடுகளின் வாசலில் நின்று பழகிய குடும்பத்திலிருந்து வந்தவள், இப்போது அதே மாதிரி வீடுகளுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர்கள் மனசில் என்ன தேடுகிறார்கள் என்று கேட்டாள். அந்த மாற்றம் அவளுக்கே சில சமயம் வேடிக்கையாக இருக்கும்.

ஒரு சித்திரை மாதம் பிரவீணா போன் செய்தாள்.

"தினமும் ஆப்புக்குள்ள வராங்க, ரொம்ப நேரம் பாக்குறாங்க, ஆனா எதுவுமே வாங்குறதில்ல. அப்படிச் சிலர் இருக்காங்க யுவராணி. பேசச் சம்மதிச்சவங்க நம்பர் அனுப்புறேன். தேடுறது கிடைக்கலையா, இல்ல வேற ஏதாவதான்னு பாருங்க."

அப்படித்தான் முத்துத்தாயின் வீட்டுக்குப் போனாள்.

திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகும் பஸ்ஸில் ஏறி, இறங்கி, உள்ளே நடக்க வேண்டிய ஊர். உச்சிவெயில். ரோட்டின் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், அதைத் தாண்டி வெடித்துக் கிடக்கும் கரிசல். ஊருக்குள் நுழைந்தபோது ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. எங்கோ ஒரு வீட்டில் மிக்சி ஓடி நின்றது. அதற்குப் பிறகு அவளுடைய செருப்புச் சத்தம்தான்.

இரும்பு கேட் போட்ட சிமெண்டு வீடு. டிராக்டர் கொட்டகைக்குள் ஒரு பெரியவர் ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். முத்துத்தாயின் வீட்டுக்காரர், உக்கிரபாண்டி. கேட் சத்தத்துக்கும் திரும்பவில்லை.

முத்துத்தாய்க்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். "எந்த ஊரு தாயி? யாரு மக?" என்று கேட்டாள். யுவராணி சொன்னாள். ஒரு கணம் யோசனை ஓடியது அந்த முகத்தில். பிறகு, "வெயிலு மண்டையப் பொளக்குது. உள்ள வந்து உக்காரு" என்று மின்விசிறியைப் போட்டுவிட்டு மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"எப்பவும் எப்படித் தேடுவீகளோ அப்படியே தேடுங்கம்மா. நான் சும்மா பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள் யுவராணி.

முத்துத்தாயின் விரல் திரையில் பழகிய வேகத்தில் ஓடியது. ஆண்கள். சட்டை. அடுத்து ஃபில்டரைத் திறந்தாள். நிறத்தைத் தொடவில்லை. அளவைத் தொடவில்லை. விலையைப் பார்க்கவே இல்லை. கை நீளம் என்ற இடத்தில் 'அரைக்கை' மட்டும். பிறகு, புதிதாக வந்தவை முதலில்.

சட்டைகள் வரிசையாக வந்தன. நீலக் கட்டம், சந்தனக் கலர், கோடு போட்டது, பூப்போட்டது. மாட்டி நிற்கும் ஆட்கள் எல்லோரும் கழுத்தோடு வெட்டப்பட்டிருந்தார்கள். விலை மலிந்த சட்டைப் படங்களில் அது வழக்கம்தான். யுவராணி ஆயிரம் முறை பார்த்திருக்கிறாள். முத்துத்தாய் சிலவற்றைத் தள்ளிவிட்டாள். சிலவற்றில் நின்றாள். நின்ற இடத்தில் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். காலரையோ பட்டனையோ துணியையோ அல்ல. சட்டைக்குக் கீழே தொங்கும் இடது கையை.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஐந்தாறு படம் போன பிறகுதான் யுவராணிக்கு உறைத்தது. முத்துத்தாய் நிற்கும் படங்களில் எல்லாம் ஒரே உடம்பு.

"அரைக்கை மட்டும் ஏம்மா?" என்று கேட்டாள்.

"முழுக்கைன்னா கை தெரியாதுல்ல."

"யாருக்கு வாங்கணும்?"

"வாங்குறதுக்கு இல்ல தாயி. பாக்குறதுக்கு." முத்துத்தாய் திரையை அவள் பக்கம் திருப்பினாள். "இது எம் பிள்ள."

யுவராணி திரையைக் குனிந்து பார்த்தாள்.

"பேரு ஜெகதீஸ்வரன். சின்னப் பிள்ளையில கரி சுடுற மூட்டத்துக்கிட்ட விளையாடப் போயி கையச் சுட்டுக்கிட்டான். இந்தா, முழங்கைக்குக் கீழ, வேப்பெல மாதிரி தழும்பு. அப்புறம் இதப் பாரு. நிக்கச் சொன்னா கட்டவெரல உள்ள வச்சு மூடிக்கிட்டுத்தான் நிப்பான். வாத்தியாரு அடிச்சும் மாறல."

சுவரில் பள்ளிக்கூடத்துக் கபடிக் குழுவின் படம் மாட்டியிருந்தது. பின்வரிசையில் ஒரு பையன். இரண்டு கையிலும் கட்டைவிரல் உள்ளே. யுவராணி சுவரையும் திரையையும் மாறிமாறிப் பார்த்தாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அப்பாவுக்கும் மகனுக்கும் வாய்த்தகராறு. காட்டில் இனி ஒன்றும் விளையாது, நான் வேறு வேலைக்குப் போகிறேன் என்றான் மகன். பேச்சு முற்றியது. "'இனிமே உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்'னு அவுக சொல்லிட்டாக. கட்டுன துணியோட போயிட்டான்" என்றாள் முத்துத்தாய். தேடாத இடமில்லை. போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு தகவலும் இல்லை. பிறகு ஒருநாள் புருஷனுக்குச் சட்டை எடுக்கலாம் என்று செல்லைத் திறந்தவள் மகனைப் பார்த்தாள்.

"அதுலருந்து தெனமும் பாக்குறேன். தீவாளிக்குப் புதுச்சட்டை போடுறான், பொங்கலுக்குப் போடுறான். மெலியவும் இல்ல, தடிக்கவும் இல்ல. அப்படியே நிக்கிறான். நமக்கு நெழலு மாறுது, அவனுக்கு ஒரே பக்கமே விழுகுது." கொஞ்சம் நிறுத்தினாள். "நீ கம்பெனில சொல்லு தாயி. வேற சட்டைக்கு நடுவுல பொறுக்க வேண்டியதா இருக்கு. அந்தக் கடைக்காரரு சட்டை மட்டும் வர்ற மாதிரி ஒண்ணு வச்சாகன்னா கண்ணுக்கு நல்லது."

விற்பவர் பெயரை வைத்துத் தேட வசதி வேண்டும் என்று யுவராணி அன்று சாயந்தரம் எழுதி அனுப்பினாள். வேறெதையும் எழுதவில்லை.

ஆனால் சும்மா இருக்க முடியவில்லை. சட்டைப் படத்துக்குக் கீழே விற்பவர் பெயர் இருந்தது. அதைத் தொட்டால் பொடி இங்கிலீஷ் எழுத்தில் முகவரி: காரியாபட்டி. மதுரைக்குப் போகும்போதெல்லாம் அவள் பஸ் நிற்கிற ஊர். பெற்றவள் ஊர் ஊராய்த் தேடிய பிள்ளையின் படம் இத்தனை கிட்டத்திலிருந்து கிளம்பி வந்திருக்கிறது என்பது அவளை என்னவோ செய்தது.

உரக்கடை ஒன்றின் மாடியில் நாலைந்து தையல் மெஷின்கள். முதலாளி பாண்டீஸ்வரன் நாற்பது வயது ஆள். யுவராணி கேட்டதும் முதலில் சிரித்தார்.

"ஒரே ஒரு போட்டோதாம்மா. கம்பெனி ஆரம்பிச்சப்ப எடுத்தது. அதுக்கு மேல கம்ப்யூட்டரே சட்டைய மாட்டி விட்டுரும். புதுசா ஆள நிப்பாட்ட வேண்டியதில்ல."

"அந்த ஆளு யாருண்ணே?"

"லோடு எறக்க வந்த பையன். கொஞ்ச நாளு இங்கதான் படுத்துக் கெடந்தான். தோளு வாட்டமா இருந்துச்சு, நில்லுடான்னேன். 'மூஞ்சி மட்டும் வேணாம்ணே'ன்னு அவனே சொன்னான். கழுத்தோட நிப்பாட்டி எடுத்தேன். அப்புறம் வடக்க போற லாரில ஏறிப் போயிட்டான்."

மூஞ்சி வேண்டாம் என்று ஏன் சொன்னான் என்பதைப் பாண்டீஸ்வரனுக்கு அவள் விளக்கவில்லை.

படியிறங்கப் போனவளை அவர் கூப்பிட்டு, மெஷின்காரிகளுக்குக் கேட்காமல் தணிந்த குரலில் சொன்னார். "ஒண்ணு சொல்லணும். கையில தழும்பு இருக்குல்ல, அசிங்கமா இருக்குன்னு கம்ப்யூட்டர்ல அழிச்சேன். அழிஞ்சுச்சு. அடுத்த சட்டைய மாட்டுனா திரும்ப வந்து நிக்குது. எத்தன வாட்டி அழிச்சாலும் வருது. எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்."

அடுத்த வாரமே முத்துத்தாயிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். மூஞ்சி வேண்டாம் என்று அவன் சொன்னதைச் சொல்வதா விடுவதா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தாள். மறைத்துவிட்டு அந்தக் கண்ணைப் பார்க்க முடியாது என்று தோன்றியது.

முத்துத்தாய் அழவில்லை. "மூஞ்சியத்தான மறச்சான் தாயி. கைய மறைக்கலையே" என்றாள்.

நிலைப்படிக்கு வெளியே நிழல் விழுந்திருந்தது. உக்கிரபாண்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் திரும்பிப் பார்ப்பதற்குள் நிழல் நகர்ந்துவிட்டது. மறுநாள் விடிந்ததும் அவர் தனியாகக் காரியாபட்டிக்குப் பஸ் ஏறினார் என்று பிறகு தெரிந்தது. லாரிக்காரர்களை எல்லாம் விசாரித்தாராம். வடக்கு என்பதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

யுவராணியின் வேலை நிற்காமல் ஓடியது. வீரசோழனிலும் அருப்புக்கோட்டையிலும் வீடு வீடாக உட்கார்ந்தாள். எங்கே போனாலும் பெண்கள் ஒரே குறையைச் சொன்னார்கள். "தலையில்லாம முண்டமா நிக்குது. பாக்கவே பயமா இருக்கு. போட்டுக்கிட்டா எப்படி இருக்கும்னு இதுல என்ன தெரியும்?" அதைக் காதில் வாங்கும்போது அவளுக்கு முத்துத்தாய் நினைவு வராமல் இல்லை. ஆனால் கேட்டதைக் கேட்டபடி எழுதுவதுதான் அவள் வாங்கும் சம்பளம். எழுதினாள். பிரவீணா சந்தோஷப்பட்டாள். ஆடித் தள்ளுபடிக்கு முன்னால், முகத்தோடு உள்ள படங்களைத்தான் தேடலில் முதலில் காட்டுவோம் என்று விற்பவர்களுக்கெல்லாம் கடை சொல்லி அனுப்பியது.

ஒரு மத்தியானம் முத்துத்தாயிடமிருந்து போன் வந்தது.

"தாயி, எம் பிள்ளைக்கு யாரு தலையவோ வச்சிட்டாக."

யுவராணி போட்டது போட்டபடி கிளம்பிப் போனாள். முத்துத்தாய் திரையைக் காட்டினாள். அதே தோள், அதே தழும்பு, உள்ளே மடங்கிய அதே கட்டைவிரல். கழுத்துக்கு மேலே யாரோ ஒரு பையன் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தான். கழுத்து சேரும் இடத்தில் ஒட்டே தெரியவில்லை. பாண்டீஸ்வரனுக்குப் போன் போட்டாள். "கம்ப்யூட்டர் வச்ச மூஞ்சிம்மா. அப்படி ஒரு ஆளே கெடையாது" என்றார்.

முத்துத்தாய் உள்ளங்கையால் திரையின் மேல்பாதியை மூடிக்கொண்டு மகனைப் பார்த்தாள். பிறகு கையை எடுத்துவிட்டு மேல்பாதியைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது யாரு பெத்த பிள்ளையோ?"

"இல்லாத ஆளும்மா. மெஷினு வரைஞ்சது."

"இல்லாத ஆளுக்கு நெத்தியில அம்மை போட்ட தழும்பு எதுக்கு?"

யுவராணி பெரிதாக்கிப் பார்த்தாள். வலது புருவத்துக்கு மேலே சின்னதாக ஒரு குழி. மெஷின் அதை ஏன் போட்டது என்று அவளுக்குத் தெரியவில்லை. வெளியே காற்று சுத்தமாக நின்றுபோயிருந்தது.

"இவனையும் ஒருத்தி தேடிக்கிட்டு இருப்பா. அவளுக்குத் தகவல் சொல்லணும்" என்றாள் முத்துத்தாய். சட்டை வாங்கியவர்கள் கருத்து எழுதும் இடம் அவளுக்குத் தெரிந்திருந்தது. "வாங்குனாத்தான எழுத விடுவாக? வாங்கிருவோம்."

அத்தனை வருஷத்தில் அவள் வாங்கிய ஒரே சட்டை அது. வந்து சேர்ந்ததும் யுவராணியைக் கூப்பிட்டு எழுதச் சொன்னாள். தேடுகிறவர்களுக்கு உதவக்கூடாது என்ற சட்டத்தை யுவராணி அன்றைக்கு மீறினாள். முத்துத்தாய் சொல்லச் சொல்ல அவளே அடித்தாள்: 'இந்தப் படத்தில் உடம்பு என் மகனுடையது. முகம் யாருடைய மகனுடையது என்று தெரியவில்லை. பெற்றவர்கள் பார்த்தால் வரவும்.' கீழே ஊரும் பேரும்.

கடை அதை எடுத்துவிடும் என்றுதான் யுவராணி நினைத்தாள். யாரும் எடுக்கவில்லை. நாட்கள் போயின. புரட்டாசியில் ஒருநாள், கல்லூரணியில் ஒரு வீட்டில் உட்கார்ந்திருந்தபோது முத்துத்தாய் கூப்பிட்டாள். குரல் வழக்கத்தைவிடத் தணிந்திருந்தது.

"வந்துட்டா தாயி."

"யாரும்மா?"

"மூஞ்சிக்காரி."

அவள் பெயர் தங்கச்செல்வி. சாயல்குடிப் பக்கத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தாள். யுவராணி போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேரும் தரையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். மடியில் மஞ்சப்பையை இறுகப் பிடித்திருந்தாள் தங்கச்செல்வி.

"எங்க அக்கா மக சட்டை பாத்துக்கிட்டு இருந்தா. 'சித்தி, இங்க வாங்க'ன்னு கத்துனா. வந்து பாத்தா எம் மகன். சிரிச்சுக்கிட்டு நிக்கிறான்" என்றாள் யுவராணியைப் பார்த்து. "பைக்குல அடிபட்டு அவன் செத்து மூணு வருசம் ஆச்சும்மா."

பையிலிருந்து ஒரு பழைய போட்டோவை எடுத்து நீட்டினாள். யுவராணி வாங்கிப் பார்த்தாள். அதே முகம் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. மூக்கு கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. தாடையும் கொஞ்சம். இல்லை என்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். வலது புருவத்துக்கு மேலே அந்தக் குழி இருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

கம்ப்யூட்டர், கோடிக்கணக்கான படங்கள், எங்கேயோ எடுத்தது, எதையோ கலந்தது என்று அவளுக்குத் தெரிந்த விளக்கம் ஒன்று இருந்தது. அதை அந்த இரண்டு பெண்களுக்கு நடுவில் வைக்க அவளால் முடியவில்லை. வைத்தாலும் அந்தக் குழிக்கு அதில் பதில் இல்லை.

"உங்க மகன் கை நல்லா உழைச்ச கை" என்றாள் தங்கச்செல்வி, திரையைத் தடவி.

"உம் மகன் சிரிப்பு நல்லாருக்கு" என்றாள் முத்துத்தாய்.

அப்போது உக்கிரபாண்டி உள்ளே வந்தார். அத்தனை வருஷமாக அந்தச் செல்லை எட்டிக்கூடப் பார்க்காத மனிதர், மனைவியின் கையிலிருந்து அதை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். மேலேயிருந்து கீழே கண் இறங்கியது. விரல் மடங்கிய கையில் வந்து நின்றது. திருப்பிக் கொடுத்துவிட்டு, தங்கச்செல்வியிடம், "சாப்பிட்டுத்தான் போகணும், தாயி" என்றார்.

நடந்ததையெல்லாம் யுவராணி பிரவீணாவிடம் சொன்னாள். "இதை நான் எப்படி எழுதுறது யுவராணி?" என்று கேட்டாள் பிரவீணா. இரண்டு பேரும் எழுதவில்லை. பாண்டீஸ்வரன் விஷயத்தைக் கேட்டதும் பயந்துபோனார். அந்தப் படங்களை மொத்தமாக எடுத்துவிட்டு வேறு ஆளை நிறுத்திப் புதுப் படம் எடுக்கப்போவதாகச் சொன்னார். எடுப்பதற்கு முன்னால் ஒரு படத்தைப் பெரிதாக அனுப்பச் சொல்லி யுவராணி வாங்கிக்கொண்டாள். அருப்புக்கோட்டையில் ஒரு ஸ்டுடியோவில் பிரிண்ட் போடக் கொடுத்தாள். கழுத்தோடு பிரித்து ஆளுக்குப் பாதியாகப் போட்டுத் தரட்டுமா என்று முத்துத்தாயிடம் போனில் கேட்டாள்.

"ஐயையோ, வெட்டாத தாயி. ரெண்டு வீட்டுக்கும் முழுசாவே போடு" என்றாள் முத்துத்தாய்.

யுவராணி இப்போதும் அதே வேலையில்தான் இருக்கிறாள். வேலைக் கணக்கில் சேராத லீவு நாட்களில் அந்த இரண்டு ஊருக்கும் போய்வருகிறாள். சாயல்குடி வீட்டில் அந்தப் படத்துக்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, தினமும் விளக்கு ஏற்றுகிறார்கள். முத்துத்தாயின் வீட்டில் அதே படம், அதே சிரிப்பு, ஹாலில் வாசலைப் பார்த்து மாட்டியிருக்கிறது. அதற்கு மாலை கிடையாது. ஒருமுறை ஊரார் யாரோ தெரியாமல் பூ வாங்கிவந்து போடப்போனபோது உக்கிரபாண்டி எழுந்து தடுத்தார். "ஆளு உசுரோட இருக்கான்" என்றார்.